ராணியைத் தானம் செய்யும் பெட்டி பற்றி மாப்பிள்ளைக்கு

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் மிகுந்த அன்போடும் கொஞ்சம் தயக்கத்தோடும் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும், பல் முளைத்துக்கொண்டிருக்கும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். ஆபரேஷனுக்குப் பிறகு என் இருதயம் ஒழுங்காக ஓடுகிறது. உங்கள் அத்தையின் முழங்கால், மாடிப்படியைத் தவிர மற்ற எல்லோருடனும் சமாதானமாக இருக்கிறது. உங்கள் ஆபீஸில் செய்து நீங்கள் அனுப்பி வைத்த, தானே ஆடும் சதுரங்கப் பெட்டியும் சுகம்.

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "மறைக்காம சொல்லுங்க மாமா, சுமாரா ஆடறவங்களுக்குச் சரிசமமா ஆடற பெட்டியைத்தான் செய்யப் பார்க்கறோம், உங்களை மாதிரி சுமாரா ஆடறவங்க கருத்துதான் எங்களுக்கு முக்கியம்" என்று ஒவ்வொரு தடவையும் போனில் கேட்கிறீர்கள். நானும் ஒவ்வொரு தடவையும் "பிரமாதம் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிடுகிறேன். மாப்பிள்ளையிடம் நேரடியாகக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பேனாவுக்கு அந்தக் கூச்சம் இல்லை என்பதால் எழுதுகிறேன். "மாப்பிள்ளை மனசு நோகாம எழுதுங்க" என்று உங்கள் அத்தை பின்னால் நின்று தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நோகாமல்தான் எழுதுகிறேன். சுமார் என்று நீங்கள் சொன்னதைக்கூட நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

முதலில் பெட்டியின் அமைப்பைச் சொல்ல வேண்டும். பலகைக்கு அடியில் விளக்கு வைத்திருக்கிறீர்கள். பெட்டி எந்தக் காயை எங்கே நகர்த்த நினைக்கிறதோ அந்தக் கட்டங்கள் பச்சையாக எரிகின்றன. ஆனால் நகர்த்த அதற்குக் கை இல்லை. ஆகவே அதன் காயையும் நானே நகர்த்த வேண்டியிருக்கிறது. என் யானையை வெட்ட வேண்டுமென்றால் அது விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். நான்தான் என் யானையை என் கையாலேயே தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அதன் குதிரையை மரியாதையாகக் கொண்டுவந்து அந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டும். வேலையில் இருந்த காலத்தில் மேலதிகாரிக்குக்கூட நான் இப்படி எடுபிடி வேலை பார்த்ததில்லை. அதையும் பொறுத்துக்கொண்டு, அதன் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் கடைசி வரை திருகி ஒரு ஆட்டம் ஆடினேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. லாரி மோதினால் லாரியோடு போட்டி போட்டுத் தோற்றதாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

குமிழைக் கீழே இறக்கிய பிறகுதான் வயிற்றெரிச்சல் ஆரம்பமானது. முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வுகள் வரை மகா பண்டிதர் மாதிரி ஆடியது. என் காய்களெல்லாம் மூச்சு முட்டி மூலையில் கிடந்தன. இன்னும் இரண்டு நகர்வில் நான் காலி என்று நினைத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது, ராணியைக் கொண்டுவந்து என் சிப்பாய்க்கு நேரே வைக்கச் சொல்லி விளக்கு காட்டியது. வேறு யாருக்காவது கொடுக்கிறதோ என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எனக்குத்தான். ரோஷத்தில் அதைத் தொடாமல் வேறு எங்கோ ஒரு சிப்பாயை நகர்த்தினேன். உடனே யானையையும் சேர்த்துக் கொடுத்தது. வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டேன். "அருமையான நகர்வு" என்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வேறு பாராட்டியது. "என்ன அருமை, எது அருமை, நீயே கொடுத்துட்டு நீயே அருமைங்கறியா" என்று நான் கத்தியதில், சமையலறையிலிருந்து உங்கள் அத்தை மாத்திரையோடு ஓடிவந்தாள்.

நான் தராசு முத்திரை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்றே அதை இரண்டு மணி நேரம் சொன்னதாக என் மகள் இன்னமும் குறைப்பட்டுக்கொள்கிறாள். ஒரு தராசைச் சோதிக்கும்போது நாங்கள் தட்டின் நடுவில் மட்டும் எடைக்கல்லை வைத்துப் பார்த்துவிட்டு வந்துவிட மாட்டோம். நாலு மூலையிலும் வைப்போம். நடுவில் சரியாகவும் மூலையில் தப்பாகவும் காட்டினால் முத்திரை கிடையாது. "தப்பா காட்டினாலும் வாங்கறவங்களுக்குக் கூடத்தானே சார் போகுது" என்று கடைக்காரர் பல்லைக் காட்டுவார். யாருக்குக் கூடப் போனாலும் முத்திரை கிடையாது. உங்கள் பெட்டி தட்டின் நடுவில் என்னை நசுக்குகிறது, மூலையில் ராணியை அள்ளிக் கொடுக்கிறது. சராசரி போட்டுப் பார்த்தால் எனக்குச் சமமாகத்தான் இருக்கும். அப்படிச் சராசரி பார்த்து முத்திரை வைத்திருந்தால் என்னை என்றைக்கோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

நான் வாய் திறந்து சொல்லாமலே இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டி தான் பார்ப்பதையெல்லாம் உங்கள் ஆபீஸுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறதாமே. "இனிமே மனுஷங்க மாதிரி யோசிச்சு ஆடும் மாமா" என்றீர்கள். மறுநாளிலிருந்து யோசிக்கத் தொடங்கியது. விளக்கு மெல்லச் சிமிட்டும். அதன் ராஜாவுக்குத் தப்பிக்க ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி என்றாலும் சிமிட்டும். நான் குளித்துவிட்டு வந்தேன், சிமிட்டியது. துணி காயப்போட்டுவிட்டு வந்தேன், அப்போதும் சிமிட்டியது. கடைசியில் ஏதோ பெரிய சாதனை போல அந்த ஒரே கட்டத்தைக் காட்டியது. அடுத்து அதற்குக் களைப்பு வைத்தீர்கள், ஆட்டம் நீண்டால் மனிதன் சோர்ந்துபோவான், அதுவும் சோர வேண்டும் என்று. நல்ல எண்ணம்தான், ஆனால் அது சோர்வதற்குள் நான் சோர்ந்து நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன், "உங்கள் முறை, உங்கள் முறை" என்று அது கூப்பிட்டுக்கொண்டே இருந்ததாம், உங்கள் அத்தை துண்டைப் போட்டு மூடிவிட்டாள். அப்புறம் என் ஆட்டத்தையே கற்றுக்கொண்டு என்னைப் போலவே ஆடும்படி மாற்றினீர்கள். குதிரையை ஓரத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே மறந்துவிடுவது என் வழக்கம். அதுவும் கொண்டுபோய் மறந்தது. ராஜாவைச் சுற்றிச் சிப்பாய்களை அடைத்து வைத்துக்கொண்டு எதிராளி வரட்டும் என்று நான் காத்திருப்பேன். அதுவும் காத்திருந்தது. இரண்டு பேரும் வரட்டும் வரட்டும் என்று ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். "ஒருத்தரை வச்சே என்னால சமாளிக்க முடியல, இப்ப ரெண்டா" என்று உங்கள் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

சரி, நம் அளவுக்கு அதை இறக்க முடியாவிட்டால் நம் கஷ்டத்தையாவது அது கொஞ்சம் படட்டும் என்று நானே சில ஏற்பாடுகள் செய்தேன். ஓடுகிற வாஷிங் மெஷின் மேல் வைத்து ஆடினேன். துணி பிழியும் நேரத்தில் என் சிப்பாய்கள்தான் தாமாகவே நடந்து போகக்கூடாத இடத்துக்குப் போயின. "இந்த நகர்வுக்கு அனுமதி இல்லை" என்று அது என்னைக் கண்டித்தது. பிறகு, அதன் முறை வரும்போது குறுக்கே பேசச் சொல்லி உங்கள் அத்தையை ஏற்பாடு செய்தேன். நான் யோசிக்கும்போது அவள் பேசுவதற்கு ஏற்பாடு எதுவும் தேவைப்படுவதில்லை. "தண்ணி மோட்டாரை நிறுத்தினீங்களா?" என்று அவள் பெட்டியைப் பார்த்துத்தான் கேட்டாள். பெட்டி அசையவில்லை. எழுந்து ஓடியது நான். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது, தொட்டி நிரம்பி மாடியிலிருந்து கீழ்வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த படுக்கை விரிப்பு மேல் கொட்டிக்கொண்டிருந்தது, அவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு மேலே வந்து உட்கார்ந்த பதற்றத்தில் என் யானையும் போனது. இந்த வீட்டில் இருந்துகொண்டு சதுரங்கம் ஆடுகிறவனுக்கு எதிராக, வீடே இல்லாத ஒன்றை உட்கார வைத்து நியாயம் என்கிறீர்கள்.

இதுவரை எழுதியதைச் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள் மாப்பிள்ளை. இனிமேல் எழுதுவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. என் சகலையை உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்தன்று மண்டபத்து லிஃப்ட் நின்றுபோனபோது, புதுச் சட்டையோடு உள்ளே இறங்கி, கறுப்புச் சட்டையோடு வெளியே வந்தாரே, அவர்தான். உங்கள் அத்தையின் தங்கை வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக், இன்னமும் வேலையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னோடு ஆட வருவார். உட்கார்ந்து யோசிக்க அவருக்கு வராது. எழுந்து நின்று, அறையைச் சுற்றி வந்து, மேலிருந்து பார்ப்பார். நடுவில் போன் வரும். "பயப்படாதீங்க, கதவை இழுக்காதீங்க, இதோ கிளம்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே குதிரையை நகர்த்துவார். "மூச்சு நல்லா விடுங்க" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். "அடுத்த வாரம் பாருங்க சகலை" என்று ஸ்க்ரூ டிரைவரைப் பையில் செருகிக்கொண்டு போவார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் வாரம் முழுக்க ஓட்டிவிடுவேன்.

இரண்டு மனிதர்கள் ஆடுவதை உங்கள் பெட்டி பார்க்க வேண்டும், மனிதர்கள் இயல்பாக எப்படித் தவறுகிறார்கள் என்று அது அப்போதுதான் கற்றுக்கொள்ளும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். ஆகவே சில ஞாயிறுகளாக நாங்கள் இருவரும் அதன்மேல்தான் ஆடினோம். அது விளக்கெரிக்காமல், பேசாமல், சம்பந்தி வீட்டார் மாதிரி சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. (மன்னிக்கவும், உங்கள் அத்தை இந்த வரியை அடிக்கச் சொல்கிறாள். அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும்.) போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, சகலை கிளம்பிப் போன பிறகு, ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை எதற்கென்று தெரியாமல் அழுத்திவிட்டேன். அது நாங்கள் ஆடிய ஆட்டத்தையெல்லாம் முதலிலிருந்து திரும்பக் காட்ட ஆரம்பித்தது. தவறவிட்ட இடத்தில் சிவப்பு விளக்கு. சகலையின் பக்கம் சிவப்பாக எரிந்தது. "வெற்றி இங்கே தவறியது" என்றது குரல். அடுத்த ஆட்டத்திலும் எரிந்தது. அதற்கு முந்தைய ஆட்டத்தில் இரண்டு தடவை எரிந்தது. ஒவ்வொன்றிலும் என் ராஜா வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறார், சகலை ஒரு குதிரையைத் தூக்கி வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் வைக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, "அவரை எதிர்த்துப் பேசாதீங்க, மனசு சங்கடப்படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று உங்கள் அத்தை உறவு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அன்றிலிருந்து கீழ்வீட்டுக்காரரைத் தவிர யாரும் என்னை எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் சதுரங்கத்திலுமா? இத்தனை நாள் நான் ஜெயித்ததெல்லாம் நோயாளிக்குக் கொடுத்த கஞ்சியா? பெட்டி கொடுத்த ராணிக்காவது ஒரு வெட்கமில்லாத நேர்மை இருந்தது, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரிக் கொடுத்தது. இவர் எனக்குத் தெரியாமல் கொடுத்திருக்கிறார்.

போன ஞாயிறு அவர் வந்ததும் செருப்பைக் கழற்றவிட்டேன், உட்காரவிடவில்லை. பொத்தானை அழுத்திக் காட்டினேன். "என்ன சகலை இது, எனக்குப் பிச்சை போட்டுக்கிட்டு இருந்தீங்களா? சின்னப் பிள்ளைக்குக்கூடக் கண்ணுல படுமே இந்தக் குதிரை" என்று கேட்டேன். அவர் குனிந்து அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் குதிரையா?" என்றார். "இந்தக் குதிரைதான்." "இங்கயா வைக்கணும்?" "தெரியாத மாதிரி நடிக்காதீங்க." அடுத்த ஆட்டத்தையும் காட்டச் சொன்னார், காட்டினேன். அதற்கடுத்ததையும் பார்த்தார். பிறகு "ஒரு இடத்துல லிஃப்ட் நிக்குதாம், போயிட்டு வர்றேன்" என்று கிளம்பினார். போன் வரவேயில்லை மாப்பிள்ளை. நான் கதவருகில்தான் நின்றிருந்தேன். குட்டு உடைந்த பிறகு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்காருவார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று அவர் திரும்பி வரவுமில்லை, நான் போன் செய்தால் எடுப்பதுமில்லை. உங்கள் அத்தையும் அவள் தங்கையும் மட்டும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுகிறார்கள். நான் உள்ளே போனால் பேச்சு காய்கறிக்கு மாறிவிடுகிறது. பெட்டி மேஜை மேல் இருக்கிறது. எதிர் நாற்காலி காலியாக இருக்கிறது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறேன். எனக்கு அவர் மேல் கோபம், அவர் இல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவும் இல்லை.

ஆகவே என் கருத்தைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவன் பாவம் என்று நினைத்து வேண்டுமென்றே தோற்பதைப் போல அவனுக்கு அவமானம் வேறெதுவும் இல்லை. பெட்டியானாலும் சகலையானாலும் யாரும் அதைச் செய்யக் கூடாது என்று உங்கள் ஆபீஸில் ஒரு விதி போடுங்கள். நசுக்கினால் நசுக்கட்டும், கொடுக்க வேண்டாம். இந்தப் பெட்டியை நல்லபடியாகத் துணி சுற்றிக் கூரியரில் திருப்பி அனுப்புகிறேன், தயவுசெய்து தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் வேலை மேன்மேலும் சிறக்கவும், மேலதிகாரிகள் உங்களை மதிக்கவும், பேத்திக்கு வலியில்லாமல் பல் முளைக்கவும், என் மகள் வேளாவேளைக்குச் சாப்பிடவும் எங்கள் இருவரின் மனமார்ந்த ஆசிகள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமனார்.

பி.கு.: மேலே உள்ளதை நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் கை வலிக்கிறது. கவரை ஒட்டப்போன நேரத்தில் உங்கள் அத்தை கடிதத்தைப் பிடுங்கி முழுவதும் படித்தாள். படித்துவிட்டு, "அவர் பக்கம் மட்டும்தான் சிவப்பு எரிஞ்சுதா?" என்று கேட்டாள். என் பக்கமும் எரிந்ததுதான். கொஞ்சம் அதிகமாகவே எரிந்தது. நான் வேண்டுமென்று மறைக்கவில்லை, கருத்துக்குச் சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டேன். "அப்ப நீங்களும் அவருக்கு விட்டுக்குடுத்தீங்களா?" என்றாள். இல்லை. எனக்குத் தெரியவே இல்லை. "அவருக்கும் தெரியலைங்க" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு பேசியது அதைத்தானாம். சகலை எனக்கு விட்டுக்கொடுத்ததே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் என்னை ஜெயிக்க வேண்டும் என்றுதான் வந்திருக்கிறார், வீட்டுக்குப் போய்க் காய்களை அடுக்கி எங்கே தோற்றோம் என்று பார்ப்பாராம். இப்போது அந்தக் குதிரையை அந்தக் கட்டத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தே இருக்கிறாராம். "கண்ணு முன்னாடி இருந்திருக்கு, எனக்குத் தெரியலையே" என்று மச்சினியிடம் சொன்னாராம். அதோடு விடவில்லை. இது தெரியாத கண்ணுக்கு லிஃப்டில் எது தெரியாமல் போகுமோ என்று பயந்து, இனிமேல் தன்னைத் தனியாக அனுப்ப வேண்டாம், கூட இன்னொரு ஆளை அனுப்புங்கள் என்று கம்பெனிக்குப் போன் செய்துவிட்டாராம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்று சொன்னது இந்த வாய்தான் மாப்பிள்ளை. எனக்குத் தெரியாதது தனக்கும் தெரியாத, என்னைப் போலவே குருடான ஒரே ஆள் அவர்தான். நீங்கள் எல்லோரும் சேர்ந்து செய்ய முயல்கிற எதிராளி ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார், நான்தான் விரட்டிவிட்டேன்.

ஆகையால் முதல் வேலையாக, உங்கள் பெட்டியின் சிவப்பு விளக்கு பழுதானது, அது காட்டியதெல்லாம் தவறு என்று ஆபீஸ் தாளில் முத்திரையோடு எழுதி அவர் முகவரிக்கு அனுப்புங்கள். நான் கேட்கிறேன் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை, அது எனக்கு வேண்டும். வரும் ஞாயிறு என் பழைய மரப் பலகையை எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போகிறேன். அங்கே நான் தோற்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் தோற்க வேண்டும். காலையிலிருந்து பெட்டியோடு பயிற்சி எடுக்கிறேன், முடியவில்லை. நான் தோற்கலாம் என்று யானையைக் கொடுத்தால் அது பழையபடி பதிலுக்கு ராணியைக் கொடுக்கிறது. நான் ராணியைக் கொடுத்தால் "அருமையான நகர்வு" என்கிறது. இதுவரை எல்லா ஆட்டத்திலும் நான்தான் ஜெயித்திருக்கிறேன். எதிராளி கண்டுபிடிக்காதபடி தோற்பது எப்படி என்பதுதானே உங்கள் வேலையே. கடிதம் கிடைத்ததும் போன் செய்து எந்த இடத்தில், எந்தக் காயை விட வேண்டும் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அவர் ஜெயித்த பிறகு நான் எவ்வளவு நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் நிஜம் மாதிரி இருக்கும் என்பதையும் சொல்லுங்கள்.